உப்பளத்தில் ஒரு டெரியர்

மரக்காணம் உப்பளத்தோரம் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. உப்பள ஆட்களின் குடிதண்ணீர்ப் பீப்பாய் இருக்கும் கொட்டகையில் ஒதுங்குகிறேன். உப்பளத்தின் மெட்ராஸ் முதலாளி காரிலிருந்து இறங்குகிறார். கூடவே அவருடைய பெட்லிங்டன் டெரியர் நாய். உடம்பெல்லாம் சுருள் சுருளாக வெள்ளை ரோமம், பேரிக்காய் மூஞ்சி, காது நுனியில் குஞ்சம். செம்மறிக்குட்டி என்று சத்தியம் செய்யலாம். இந்த ரோமத்துக்குச் சீமையில் பரிசே கொடுப்பார்களாம், கேட்காமலே விளக்குகிறார். விளக்கி முடிப்பதற்குள் அது உப்புப் பாத்தியில் இறங்கிப் புரண்டுவிடுகிறது.

"உப்பு பட்டா முடி கொட்டிடும்" என்று பதறுகிறார் முதலாளி. மேஸ்திரியை விட்டுப் பீப்பாயிலிருந்து நாலு குடம் மொண்டு ஊற்றவைக்கிறார். ரோமம் படிந்ததும் எலும்பும் தோலுமாக ஒரு தெருநாய் நிற்கிறது.

உப்புக்கூடையோடு வெறுங்காலில் நிற்கும் அஞ்சலை என்ற பெண்ணிடம், "இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?" என்கிறேன்.

"அனுமந்தைலேருந்து மாட்டுவண்டில வருதுங்க. அந்த நாய்க்கு உப்பு ஆகாதாம். எங்களுக்கு ஆகும்னு யாரோ சொல்லிட்டாங்க போல."

டெரியர் உடம்பை உதறிவிட்டு மறுபடி பாத்தியில் குதிக்கிறது. முதலாளி பீப்பாயைப் பார்க்கிறார். அஞ்சலை கூடையைக் கீழே வைத்துவிட்டு, பீப்பாய் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள்.