எட்டு ஊசியில் அடங்காத எழுத்து

எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்போம். சாத்தான்குளம் பக்கத்து ஊரில் அப்பாதான் கோவிலில் ஆராதனை நடத்தும் உபதேசியார். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஓலை வாசித்தவருக்கு, என் முறை வந்தபோது கண் மங்கியிருந்தது. வேதப் பகுதிகள் மனப்பாடம், சமாளித்துவிடுவார். ஓலையில் ஒரு பெயர் பிசகினால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போகும். வேறு யாராவது வாசிக்கட்டுமே என்று பேச்சு எழுந்ததும் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிதாகக் கையால் எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. பொம்பளைப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்ட ஊர் அது. அதைக் காதில் வாங்காமல் என்னைப் படிக்க வைத்தவர் அவர். அவர் ஓலையைக் கம்ப்யூட்டரில்தான் அடித்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்த பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது, புள்ளி வைக்கத் தெரியும். அதன் தலையில் மேலும் கீழுமாக நிற்கும் ஊசிகளில் எட்டை நம் இஷ்டப்படி ஆட்டலாம். ஒன்று என்றால் புள்ளி, பூஜ்யம் என்றால் வெற்றிடம். ஊசிக்கு ஒரு பிட், ஆக எட்டு பிட். பிட் அகலம் என்று கரும்பலகை நிறைய நான் எழுதிப்போட்டதெல்லாம் இவ்வளவுதான்: ஒரே தடவையில் எத்தனை ஒன்றும் பூஜ்யமும் கொள்ளும் என்பது. ஆங்கில எழுத்து எட்டில் சுகமாக உட்காரும். நம் எழுத்துக்கு மேலே கொக்கி, கீழே சுழி. எட்டில் திணித்தால் ‘கி’க்குத் தலை போகும், ‘மு’வுக்கு வால் போகும்.

அதனால் இரண்டு எட்டைச் சேர்த்துப் பதினாறாக்கினேன். முதலில் மேல்பாதி, தாளை நகர்த்திக் கீழ்ப்பாதி. நகர்த்திய அளவு கூடிப்போய் எல்லா எழுத்துக்கும் இடுப்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. சென்டரில் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் வேலை நன்றாக ஓடும். கோட்டை ஒழித்து ஊருக்குக் கொண்டுபோனேன்.

அப்பா தாளை முகத்தருகே பிடித்தார். "எழுத்து முத்தாட்டம் இருக்கு, ஏட்டி. என் கண்ணுக்குத்தான் எட்டல."

திரும்பிப் போய் முப்பத்திரண்டாக்கினேன். ஒரு வரிக்கு ஊசிகள் நான்கு முறை ஓடின. ஓர் எழுத்து கட்டைவிரல் நகம் பெரிசு வந்தது.

ஞாயிறன்று அப்பா கையை நீட்டிப் பிடித்து வாசித்தார். ஒரு பெயர் பிசகவில்லை. இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டென்றால் சொல்லலாம் என்று அறிவித்துவிட்டு உட்கார வேண்டியவர், தாளைத் திருப்பிச் சபைக்குக் காட்டினார்.

"இதக் கம்ப்யூட்டர்ல அடிச்சது மணப்பொண்ணுதான்."

ஓலையில் இல்லாத வரி அது. அடுத்த இரண்டு ஞாயிறும் அதையும் சேர்த்தே வாசித்தார்.