பலகைக்குக் கீழே ஒரு விரல் சந்து

வாஷ்பேசின் அலமாரிக்கு அடிப்பலகை எதில் போடலாம் என்று மரவேலை செய்த பாய் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. குளியலறையில் யார் குனிந்து அலமாரியின் காலைப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவள். அலமாரி பிளாஸ்டிக் கால்களில் நின்றது. அதற்குக் கீழே நான்கு விரல் உயரத்துக்கு இருட்டு. அதை மூடியே ஆக வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன்.

குளியலறையாக மாற்றிய அந்த அறையில் முன்பு, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற என் கணவரின் குழித்தறி இருந்தது. அதை எடுத்துவிட்டு, கூடத்தில் தரைக்கு மேலே நிற்கும் தறி போட்டுக்கொண்டார். நெசவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காலியான குழியை மூடியபோதுதான் வினை ஆரம்பித்தது. மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும் என்றார் கொத்தனார். இவர் விடவில்லை. சோறு போட்ட குழியை இடிக்கக் கூடாதாம். கற்பூரம் ஏற்றி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி கூடை கூடையாக மண்ணைச் சரித்தார். அதற்கு மேலே சிமெண்ட், டைல்ஸ்.

"இடிக்கக் கூடாது, மேல பாத்ரூம் மட்டும் கட்டலாமா?" என்று கேட்டேன்.

"டாய்லெட் அந்த மூலையில இருக்குது. குழிமேல மூஞ்சி கழுவுற பேசின்தானே வருது," என்றார். அவருடைய பக்தி எப்போதும் அவருக்கு வசதியான இடத்தில் வந்து நின்றுவிடும்.

பாய் கொண்டுவந்த துண்டுகளில் கிரானைட் கனமாக இருந்தது, பீவிசி பொம்மைச் சாமான் மாதிரி இருந்தது. தேக்கு நிற மைக்கா ஒட்டிய பிளைவுட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஆணியடித்துப் பொருத்தியபோது அது தரையோடு அச்சாக ஒட்டி நின்றது. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் தரை துடைக்கும்போது பலகைக்கு அடியில் என் விரல் நுழைந்தது. பாயைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"இன்னா பாய், கண்ணை மூடிக்கினு அளந்தீங்களா?"

"தண்ணியில ஊறினா பலகை உப்பும்மா, சுருங்காது. எனக்கே ஒண்ணும் புரியல," என்றவர், கீழே ஒரு மெல்லிய பட்டையை ஒட்டிவிட்டுப் போனார்.

பலகை சுருங்கவில்லை என்றால் வேறு எது நகர்ந்தது? இவரிடம் கேட்டேன். புது டைல்ஸ் கொஞ்சம் உட்காரத்தான் செய்யும், நீ சும்மா இரு என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வளைகாப்பு முடிந்து, தென்னேரியில் மாமியார் வீட்டிலிருந்த மகளை அழைத்துவந்தோம். அவள் வந்த வாரமே அந்தப் பட்டைக்கு அடியிலும் விரல் நுழைந்தது. பேசின் பக்கத்து டைல்ஸைத் தட்டினால் காலிப் பானையின் சத்தம். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் குளிக்கப் போனால் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கதவருகே நின்றேன்.

"கதவாண்ட நின்னுக்கினு இன்னாம்மா பண்ற?" என்று உள்ளிருந்து சிரித்தாள்.

பாய் மறுபடி வந்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று நான் சொன்னதால், அடித்தவற்றை மெல்லப் பிடுங்கிவிட்டு பீவிசி பலகையைக் கிளிப்பில் மாட்டினார். அதன் கீழ் விளிம்பில் ரப்பர் தொங்கியது.

"இனிமே சந்தே தெரியாதும்மா. தரை எப்படி இருந்தாலும் ரப்பர் போய் ஒட்டிக்கும்."

இவருக்குப் பரம திருப்தி. எனக்கு இல்லை. சந்து தெரியாமல் போவதும் சந்து இல்லாமல் போவதும் ஒன்றா?

மறுநாள் காலை, மகள் எழுந்திருக்கும் முன், அந்தப் பலகையைக் கையால் இழுத்தேன். கிளிப் விட்டு வந்துவிட்டது. போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். அலமாரியின் கால் ஒன்றுகூடத் தரையைத் தொடவில்லை. மொத்த அலமாரியும் சுவர் ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் சுவரை விட்டு டைல்ஸ் இறங்கி, கறுப்பாக ஒரு பிளவு. பேசின் குழாயிலிருந்து கசிந்த தண்ணீர் அதற்குள் சொட்டியது. அது விழுகிற சத்தம் எங்கோ அடியில் கேட்டது.

இவரைக் கூப்பிட்டேன். குப்புறப் படுத்து, பிளவுக்குள் கையை விட்டார். முழங்கை வரை போயிற்று. பிறகு தோள் வரை. முகம் செத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"மண்ணே இல்ல," என்றார்.

நான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்கவும் பயமாக இருந்தது. கையை மெதுவாக வெளியே எடுங்கள் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். கதவு திறந்தது. தோளில் துண்டோடு மகள் நின்றாள்.

"அங்கயே நில்லு. உள்ள வராத," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தரையில் கிடந்த அப்பாவைத்தான் பார்த்தாள்.

"ஐயோ, நைனாவுக்கு இன்னா ஆச்சு?" என்று வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே வந்தாள்.