ஏதென்ஸ் ஆடு கத்திய விதம்

“…மாடு மட்டும் இல்லையெண்டு கேட்டுச் சொல்லுங்கோ தம்பி, மற்றதெல்லாம் நான் சாப்பிடுவன்,” என்று சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டே அம்மா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா.

ஏதென்ஸில் ஒரு ஒடுக்கமான தெரு. நடைபாதையில் நாலைந்து ஆடுகிற மேசைகள், மேலே கடதாசி விரிப்பு. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலிருந்து நாங்கள் குடும்பமாகப் போன முதல் விடுமுறை அது. அந்த ஊருக்குப் போகிற சனமெல்லாம் மலையில் நிற்கிற தூண்களைப் பார்க்க ஓடும். சித்தப்பாவோ எங்களை நேரே இந்த மலிவுச் சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிவந்தார். களவாக லண்டனுக்கு வருகிற வழியில், ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரன் அவரை ஒளித்துவைத்தது இதே கடையின் மேல் அறையில்தான். பொலிஸுக்குப் பயந்து கீழே இறங்கவேயில்லை. பாணும் தண்ணியுமாகக் கிடந்தவருக்கு இறைச்சி வாட்டுகிற மணம் மட்டும் சன்னலால் ஏறிவருமாம். ஒரு நாளைக்கு என்ர ஆக்களோட வந்து இதிலை இருந்து தின்பன் என்று அப்போது நினைத்தவர், அன்றைக்குச் சேட்டெல்லாம் அயன் பண்ணிப் போட்டிருந்தார்.

கடைக்கார மனுசி கட்லட் மாதிரித் தட்டையாகச் சுட்ட இறைச்சியும் பொரித்த கிழங்கும் கொண்டுவந்து வைத்தா. சித்தப்பா தட்டைக் காட்டி “பீஃப்?” என்றார். அவ சிரித்தபடி “நே, நே” என்றா.

“நோ எண்டுறா அண்ணி. வடிவாச் சாப்பிடுங்கோ.”

அம்மா வடிவாகத்தான் சாப்பிட்டா. இப்படியொரு ஆட்டிறைச்சி தன் சீவியத்தில் சாப்பிட்டதில்லை என்று சொல்ல, சித்தப்பாவுக்கு வாய் காதுவரை போனது. அப்பாதான் சும்மா இருக்கவில்லை. மனுசியைக் கூப்பிட்டு, தட்டைத் தொட்டு, ஆடுபோல “மே” என்று கத்தி விசாரித்தார். அவ இல்லையென்று கையை ஆட்டி, நெற்றியில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து, தெருவுக்கே கேட்க “மூ…” என்று நீட்டினா. பக்கத்து மேசைக்காரர் கைதட்டினார்கள்.

அந்தப் பாஷையில் ‘நே’ என்றால் ‘நோ’ இல்லை, ‘ஓம்’ என்பது சித்தப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் கறுத்துப்போய், அம்மாவின் தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

அம்மா தட்டை விடவில்லை. “இந்த ஊர் ஆடு அப்பிடித்தான் கத்துமாக்கும்,” என்றா.

நான் அதை அப்படியே நம்பினேன். திரும்பிவந்து வகுப்பில் கிரேக்க ஆட்டைக் கத்திக் காட்டிப் பேரும் வாங்கினேன். வெள்ளிக்கிழமையில் மீன்சட்டியைக்கூடத் தொடாத அம்மா யாருக்காக அப்படிச் சொன்னா என்று யோசிக்கிற வயசு அதில்லை. அன்றைக்குத் தட்டில் இன்னும் ஒரு துண்டு மிச்சமிருந்தது. சித்தப்பா பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அதை எடுத்து, தேசிக்காய்ப் புளி பிழிந்து, ஆறுதலாகச் சாப்பிட்டா.