பல் வண்டியின் ஜெனரேட்டர்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஓர் அறக்கட்டளையின் நடமாடும் பல் மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்தேன். நடமாடும் மருத்துவமனை என்பதெல்லாம் போர்டில் மட்டும்தான். ஊர்க்காரர்களுக்கு அது பல் வண்டி. பழைய வேன் ஒன்றின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பல் நாற்காலி, துப்புவதற்கு ஒரு பேசின், மருந்து அலமாரி, அசதியானால் சாய்ந்துகொள்ள ஒரு பலகைக் கட்டில் என்று வீடு மாதிரி அமைத்திருந்தார்கள். வண்டியின் பின்புறத்தில் தகரப் பெட்டிக்குள் ஜெனரேட்டர் இருந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பல் குடையும் மெஷினும் விளக்கும் ஃபேனும் அதை நம்பித்தான் ஓடின.

என்னோடு இரண்டு பேர் இருந்தார்கள். டிரைவர் பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். உதவிக்கு இருந்த அக்கா தளவாய்புரத்துக்காரர். கருவிகளைக் கொதிக்க வைப்பது, பேசினைக் கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஜெனரேட்டர் டிரைவருடையது. சனிக்கிழமை காலையில் அதன் மூடியைத் திறந்துவிட்டால் வேறு யாரும் பக்கத்தில் போகக்கூடாது. என்ஜின் சூட்டோடு பழைய ஆயிலை வடிப்பார். காற்று வடிகட்டியின் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசிப் பிழிவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் கரியைத் தேய்ப்பார். எல்லாம் முடிந்து, ஒரே இழுப்பில் என்ஜின் கிளம்பினால்தான் அவருக்குத் திருப்தி. நான் எட்டி நின்று பார்த்ததோடு சரி.

அந்த வருடம் ஆடிக்காற்று முன்னதாகவே தொடங்கிவிட்டது. மலைப்பக்கமிருந்து புழுதியை வாரி அடித்தது. வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவர்களின் வாயில் மண் விழக்கூடாதென்று ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டே வேலை செய்தோம்.

வன்னியம்பட்டியில் ஒரு பெண்ணுக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். உதடு வெளிறி, நாடி வேகமாக ஓடியது. அக்காவும் நானும் தூக்கி வெளியே வேப்பமர நிழலில் கிடத்தினோம். சற்று நேரத்தில் கண் திறந்து வாந்தி எடுத்தார். அவருடைய வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. ஊசியில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டார். வெறும் மயக்கம்தான் என்றேன்.

உள்ளுக்குள் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மருந்து புதிய பெட்டி. அதை அனுப்பிய வியாபாரி மேல் எனக்கு முழுச் சந்தேகம். பெட்டியை அப்படியே ஒதுக்கிவைத்துவிட்டு மதுரையிலிருந்து வேறு தருவித்தேன். அடுத்துப் போன ஊரில் ஒரு பெரியவர், தலை கிறுகிறுக்கிறது என்று பாதியில் எழுந்துவிட்டார். அவருக்கு ஊசியே போடவில்லை. பல்லில் படிந்த காறையை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று அக்காவுக்கும் நெற்றிப்பொட்டில் வலி. ஆடி வெள்ளி என்று பட்டினி கிடந்தால் வலிக்காதா என்று அவரைக் கடிந்துகொண்டேன். எனக்கும் வலித்ததை வெளியே சொல்லவில்லை.

மருந்து இல்லையென்றால் வேறு என்ன? டிரைவர் மட்டும் ஒருநாளும் தலைவலி என்று சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் எப்போதும் வெளியே மரத்தடியில் இருப்பவர் என்பதை யோசிக்காமல் அவரையே கவனிக்கத் தொடங்கினேன். மண்ணெண்ணெயில் எதையாவது கலக்கிறாரா? ஜெனரேட்டர் பெட்டியை ஏன் யாரையும் தொடவிடுவதில்லை? அக்கா அதற்குத் தூபம் போட்டார். டிரைவர் கேன்களை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். இதற்கிடையில் டிரைவர் தனியாக என்னிடம் வந்து, அக்கா பேசினில் ஊற்றும் லோஷன் வாடைதான் எல்லாருக்கும் மயக்கம் தருகிறது என்றார். மூன்று பேரும் ஒரே தூக்குவாளியிலிருந்து காபி குடிப்பவர்கள். அந்த வாரம் அவரவர் காபியை அவரவர் கொண்டுவந்தோம்.

சனிக்கிழமை நான் முன்னதாகவே வண்டி நிற்கும் ஷெட்டுக்குப் போய், இன்று கூடவே இருந்து பார்க்கப்போகிறேன் என்றேன். டிரைவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"டாக்டரம்மா, நான் உங்க ஊசியப் பத்திக் கேட்டனா? என் மெஷின எதுக்குப் பாக்குதீய?"

நான் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் வழக்கமான வேலைகளையெல்லாம் செய்துகாட்டினார். ஆயிலில் குறையில்லை, மண்ணெண்ணெயிலும் குறையில்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. என்ஜினை ஓடவிடச் சொல்லிவிட்டு வண்டிக்குள் ஏறி, வேலை நாளைப் போலவே ஜன்னல்களைச் சாத்தினேன். ஒவ்வொரு மூலையாகக் குனிந்து பார்த்தேன். பேசினுக்கு அடியில் ரப்பர் விரிப்பைத் தூக்கியபோது, தண்ணீர்க் குழாய் தரைத் தகட்டுக்குள் இறங்கும் ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. விரலால் தேய்த்தேன். புகைக்கரி. மேலே கையை வைத்தால் வெதுவெதுப்பான காற்று.

என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். டிரைவரும் மறுபக்கம் படுத்தார். சைலன்ஸர் குழாயின் இணைப்பு ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. பின்னால் போகவேண்டிய புகை அங்கேயே கசிந்து, ஆடிக்காற்று எதிர்த்துத் தள்ளும்போது தரைக்கு அடியில் தேங்கி, ஓட்டை வழியாக மேலே ஏறியிருக்கிறது. லோஷன் வாடையில் புகை நாற்றம் தெரியாமல், சாத்திய ஜன்னல்களுக்குள் நாங்கள் அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பலகைக் கட்டிலில் எத்தனையோ மதியம் நான் கண்ணயர்ந்திருக்கிறேன்.

டிரைவர் பிளவை எட்டிப் பார்த்தார். பிறகு, "இதையும் பாக்கணும்னு எனக்கு எவனும் சொன்னதில்ல" என்றார்.

தரை ஓட்டையில் தண்ணீர்க் குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்க வேண்டும். அதைக் காணோம். அக்கா தான் கழற்றவில்லை என்றார். டிரைவர் தனக்கு அது இருந்ததே தெரியாது என்றார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

இணைப்பை வெல்டிங் வைத்து, புகைக்குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றி, ஓட்டையை அடைத்தோம். அதற்குப் பிறகு எந்தப் புழுதியிலும் காற்றின் எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கும். சனிக்கிழமை வேலையில் புகைக்குழாய் முழுவதையும் தடவிப் பார்ப்பதும் சேர்ந்தது. டிரைவர் ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மூடியை மூடுவார். மரியாதையாகத்தான் கூப்பிடுவார். ஆனால் பழைய பேச்சு இல்லை.

வன்னியம்பட்டிப் பெண்ணின் வீட்டுக்கு நானே போய் விஷயத்தைச் சொன்னேன். பல் எடுக்காமலே விட்டதில் அவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. திண்ணமான குரலில் கேட்டார்: "அன்னைக்கு மயக்கம்னீய, இன்னைக்குப் பொகைங்கிறீய. பொறவு வந்து என்ன சொல்லப்போறீய?"

பல்லை மட்டுமாவது காட்டச் சொன்னேன். யோசித்துவிட்டு, "வண்டிக்குள்ள வரமாட்டேன். இங்கன வச்சே எடுங்க" என்றார். பல் எடுக்க மின்சாரம் எதற்கு? முற்றத்தில் நாற்காலி போட்டு, வெயில் வெளிச்சத்தில், அவர் வீட்டுக்காரர் மருந்துக் குப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே ஊசி போட்டேன். பல் சுலபமாக வந்தது. அதையும் ஒரு தாளில் மடித்து வாங்கிக்கொண்டார்கள்.

தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாகக் கிளினிக் வைத்தபோது ஒரு ஜெனரேட்டர் வாங்கினேன். வாசலோரம் வைக்கத்தான் இடம் இருந்தது. நான் மொட்டைமாடிக்கு ஏற்றச் சொன்னேன். குறுகலான படியில் அதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் என்னைத் திட்டாததுதான் பாக்கி.