'ள' வராத பிள்ளை

ல, ள, ழ மூன்றையும் பிசகாமல் சொல்ல வைப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஊட்டியில் நான் டீச்சராக இருக்கும் அங்கன்வாடியில் படித்த பிள்ளை வெளியே போய் 'வாலப்பளம்' என்றால் எனக்குத்தான் அவமானம். அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

போன வருடம், பக்கத்தில் தோடர்கள் குடியிருக்கும் மந்திலிருந்து நாலு வயதுப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். சுவரில் இருந்த படத்தில் பூவேலைப் போர்வை போர்த்தி நின்ற தோடர் ஒருவரைக் காட்டி, "ஒல்" என்றாள். கடைசி எழுத்தில் நாக்கின் இரு பக்கமும் காற்று புஸ்ஸென்று போனது. 'ஆள்' என்று சொல்ல வருகிறாள், பாவம், 'ள' வரவில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒரு வாரம் விடவில்லை. ஆள் சொல்லு கண்ணு, ஆள் சொல்லு. எட்டாம் நாள் அவள் வாயே திறக்கவில்லை. பேச்சு வரவில்லை, டாக்டரிடம் காட்டவும் என்று சீட்டு எழுதி, அவள் எதிரிலேயே அங்கன்வாடி ஆயாவுக்குப் படித்தும் காட்டி, அவர் கையில் அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் அவளுடைய அம்மா சீட்டோடு வந்தார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். மகள் வீட்டிலும் பேச்சை நிறுத்திவிட்டாளாம். எருமைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள் இப்போது கையை மட்டும் ஆட்டுகிறாளாம்.

"அது ஆள் இல்லீங்க டீச்சர். எங்க சனத்துக்கு எங்க பேச்சுல அதுதானுங்க பேரு. அந்தச் சத்தத்துக்கு உங்ககிட்ட எழுத்து இல்லீங்க. பேசுறதே கொஞ்சப் பேரு. இவளும் நிறுத்திட்டா என்னங்க பண்றது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். இவர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சீட்டை வாங்கிக் கிழித்தேன். குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, படத்தைக் காட்டி, "ஒல்" என்றேன். வெறும் தமிழ் 'ல்'தான் வந்தது. மறுபடி முயன்றேன்; எச்சில் தெறித்தது. மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, தங்கள் பேச்சில் நீளமாக என்னவோ சொன்னாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிப்பு. என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"டீச்சருக்குப் பேச்சு வரலையாமுங்க. டாக்டர்கிட்டக் காட்டோணுமாம்."