மாற்றி மாட்டிய கருவி

சிங்காரவேலின் குறட்டை அந்த குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கப் பிரசித்தம். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்து, மைன்ஸில் பர்மனென்ட் ஆகி, நிலக்கரி போகும் பெல்ட்டை ஓட்டியே தலை நரைத்த மனிதர். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று ஆபரேட்டர்களுக்கெல்லாம் பரிசோதனை வந்தபோது, குறட்டையே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தார். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் பெல்ட்டை விட்டு இறக்கி, ஆபீசில் பைல் தூக்க வைத்துவிடுவார்கள்.

விரலிலும் மூக்கிலும் மாட்டிக்கொண்டு தூங்கச் சொல்லி ஒரு கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். புத்திசாலி, அதை மனைவி காந்திமதியிடம் நீட்டினார்.

"நீ மாட்டிக்கினு தூங்கு. உனக்குத்தான் சத்தமே வராது."

அவள் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் கருவியின் பதிவைப் பார்த்த டாக்டரம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "குறட்டையே இல்லீங்க. ஆனா மூச்சு நின்னு நின்னு வருது. சில தடவ ரொம்ப நேரம் நின்னுடுது. பக்கத்துல படுக்கிறவங்க யாரும் சொல்லலீங்களா?"

அது காந்திமதியின் மூச்சு. குவார்ட்டர்ஸுக்கு ஓடினார்.

பட்டப்பகலில் காந்திமதி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை மாதிரித் தூங்குவாள் என்று இத்தனை வருஷமும் அவர் பெருமை பேசிய அதே தூக்கம். மூக்கருகே விரலை வைத்தார். ஃபேன் காற்றுதான் பட்டது. எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து மறுபடியும் வைத்தார். இப்போது எதுவுமே படவில்லை.

வெகுநேரம் கழித்து, ஆழத்திலிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக அவர் விரலை எடுக்காமல் காத்திருந்தார்.