கர்சீப் ஓரத்தில் ஒரு தீக்குச்சி

என் வீட்டுக்காரர் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வித்தை காட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. புதிதாக எதைப் பழகினாலும் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்து, அடுப்பைச் சின்னதாக வைக்கச் சொல்லிவிட்டு, முதலில் என்னிடம்தான் காட்டுவார். நான் வாயைப் பிளந்தால் வித்தை பாஸ். எவ்வளவு கெஞ்சினாலும் ரகசியத்தை மட்டும் சொல்ல மாட்டார். "சொன்னா மஜா போயிடும்" என்பார். முதல் ஆள் நான்தான் என்ற கர்வத்தில் நானும் விட்டுவிடுவேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தீக்குச்சி வித்தை. என் தீப்பெட்டியிலிருந்தே ஒரு குச்சியை எடுத்து, கர்சீப்பின் நடுவில் வைத்து மடித்து, துணிக்கு மேலேயே என்னை உடைக்கச் சொல்வார். படக்கென்று உடையும். உதறினால் முழுக் குச்சி கீழே விழும். அந்தக் கர்சீப்பை மட்டும் துவைக்கப் போட மாட்டார், அவரே கசக்கிக்கொள்வார். பெண்டாட்டிக்கு வேலை குறையட்டும் என்று நினைக்கிறாராக்கும் என்று பூரித்துப் போயிருந்தேன்.

போன வருஷம் சிதம்பரத்தில் அவரோடு வேலை செய்பவர் வீட்டுக் காதுகுத்து. மேல வீதிப் பக்கம் மண்டபம். சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் பிடித்து இழுக்க, இவர் கர்சீப்பை எடுத்தார். என் பக்கத்து நாற்காலியில் கம்பெனி லேபில் வேலை செய்யும் பெண் ஒருத்தி. குச்சி உடைந்த சத்தம் கேட்டதும் அவள் சிரித்துக்கொண்டே என் காதருகே குனிந்தாள்.

"உடைஞ்சது வேற குச்சிக்கா. கர்சீப் ஓரத்துல மடிச்சித் தச்சிருக்குல்ல, அதுக்குள்ள ஒண்ணு இருக்கும். நான்தான் தச்சிக் குடுத்தேன். அண்ணன் உங்ககிட்ட சொல்லலியா?"

கூட்டம் கைதட்டியது. எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. நான் தெரு முழுக்க ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். வீட்டில் மெஷின் இருக்க, ஒரு கர்சீப் ஓரம் தைக்க இவருக்கு அவள் வேண்டியிருந்ததா? அவள் அண்ணன் என்று சொன்னதுகூட எனக்கு ஆறுதலாக இல்லை. திரும்பும் பஸ்ஸில் "எப்டி இருந்துச்சி?" என்று கேட்டார். "இருந்துச்சி, இருந்துச்சி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் அவர் டியூட்டிக்குப் போனதும் அந்தக் கர்சீப்பைத் தேடி எடுத்தேன். கைத்தையல், கோணல்மாணலாக ஓடியிருந்தது. ஒரு நூல் விடாமல் பிரித்தேன். என் மெஷினில் ஓரத்தைப் பொடியாக அடித்து, குச்சி நுழைய மட்டும் வழி விட்டு, இஸ்திரி போட்டு, புதுக் குச்சியையும் செருகி அலமாரியில் வைத்தேன். யார் தையல் ஒசத்தி என்று பார்க்கட்டும்.

சாயங்காலம் வந்து எடுத்தவர் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். முகம் தொங்கிப் போயிற்று.

"உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"அவளுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாதா?" என்று கத்தினேன்.

"அவளுக்குத் தெரிஞ்சா எனக்கின்னா? உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான அவகிட்ட குடுத்தேன்."

கர்சீப்பை அவர் கையிலிருந்து வாங்கி, மடித்து மறுபடி அலமாரியில் வைத்தேன்.

அதற்கப்புறம் அவர் எதையும் மறைப்பதில்லை. காசு எந்தக் கையில் தங்குகிறது, சீட்டு எந்த விரலுக்குப் பின்னால் நிற்கிறது, எல்லாவற்றையும் அவரே சொல்கிறார். தையல் வேலையும் என்னிடம்தான். ஆனால் புதிதாக ஒன்று பழகிவிட்டால் நேராக எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறார். அந்த வீட்டம்மா "ஐயோ சாமி!" என்று கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது. லேப் பெண்ணை நான் மறந்தே போய்விட்டேன். இப்போது எனக்கு வயிறு எரிவதெல்லாம் இவளை நினைத்துத்தான்.